பட்டையில்லாத நாட்கள்

மனிதக் கால்களுக்கும் மைலேஜ் உண்டு என்பதை ஜெசிந்தா பதினான்கு வயதில் தெரிந்துகொண்டாள். சிறுமலை அடிவாரத்தில் இருந்த தளிர் ஓட்டப் பயிலகத்தில் அன்றுதான் அவளையும் ஜெரோமையும் சேர்த்திருந்தார்கள். இருவரும் இரட்டையர்கள். ஜெரோம் பத்து நிமிடம் மூத்தவன். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவனை அண்ணன் என்று கூப்பிட அவள் ஒருநாளும் சம்மதித்ததில்லை.

இருவர் முகத்திலும் ரப்பர் முகமூடியை மாட்டி, பக்கத்துப் பக்கத்து டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். இறங்கியதும் மாஸ்டர் சந்தனகுமார் திரையைக் காட்டினார்.

"ஒரே வேகத்துல ஓட ஒருத்தன் எவ்வளவு ஆக்சிஜன் குடிக்கிறான்னு பாக்குறோம். அதான் மைலேஜ். இருபத்திரண்டு வயசுக்காரன் கம்மியாக் குடிப்பான். நீங்க ரெண்டு பேரும் குடம் குடமாக் குடிக்கிறீங்க."

"ஏன் சார்?" என்றான் ஜெரோம், மூச்சு வாங்கியபடி.

"வண்டி ஓட்டத் தெரியாதவன் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டரை முறுக்குவான்ல, அப்படி. தள்ளுற தசையும் தடுக்குற தசையும் ஒரே நேரத்துல வேலை செய்யுது. வளர வளர உடம்பு பிரேக்கை விடக் கத்துக்கும். ஏழெட்டு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் யாருடா காத்திருக்கப்போறா?" என்று சிரித்த மாஸ்டர், மேசையிலிருந்து பட்டையை எடுத்தார்.

கறுப்பாக, இரண்டு விரல் அகலத்தில் இருந்தது. முழங்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. தடுக்கும் தசை விழிக்கப்போகும் சமயத்தில் சின்னதாக ஒரு மின்துடிப்பைக் கொடுத்து அதைத் தூங்கவைத்துவிடும். பட்டை கட்டிய பதினான்கு வயதுக் கால், இருபத்திரண்டு வயதுக் கால்போல ஓடும். மூக்குக்கண்ணாடிக்குத் தடையில்லாதபோது இதற்கு மட்டும் ஏன் என்று வாதாடி, பள்ளிப் போட்டிகளிலும் பட்டைக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் பயிலகத்துப் பிள்ளைகள் பதக்கங்களை வாரிக்கொண்டு வந்தார்கள். தோற்ற பள்ளிகளின் ஆசிரியர்கள் திரும்பும் வழியிலேயே போன் போட்டுப் பட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

சிக்கல் பதினெட்டு வயதில் வந்தது. பெரியவர்கள் போட்டியில் பட்டை கூடாது. கழற்றிவிட்டு ஓடவேண்டும்.

ஜெரோம் கழற்றிவிட்டு ஓடினான். பந்தயத்தின் பாதியில் அவன் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தோள்கள் காதுவரை ஏறின. கடைசிக்கு முந்தி வந்தான். அவனோடு சேர்ந்த பையன்கள் எல்லாருக்கும் அதே கதிதான். பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெசிந்தா பட்டையில்லாமலே மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கினாள். பிறகு ஓடுவதை விட்டுவிட்டாள். ஓடுவதைவிட அளப்பதில்தான் அவளுக்கு ஆசை. இப்போது இருபத்தொரு வயதில் பகலில் பயிலகத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், மாலையில் திண்டுக்கல்லில் கல்லூரி. பயிற்சியே இல்லாமல் அவள் மைலேஜ் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருந்தது. பட்டையோடு நாளெல்லாம் மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டே கிடந்த ஜெரோமின் மைலேஜ், அதைக் கழற்றி அளந்தால், நகரவே இல்லை.

*

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடப்போறேன்" என்றான் ஜெரோம். பயிலகத்து வாசலில் இருந்த பேக்கரியில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்குக் கல்லூரிப் பேருந்து வர நேரமிருந்தது.

உள்பட்டை என்று அதற்குப் பெயர். பட்டையைத் தயாரிக்கும் நிறுவனத்தின் அடுத்த படைப்பு. நூல்போல ஒரு கம்பியைத் தொடைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். நடந்தாலும் படுத்தாலும் வேலை செய்யும். பையன்கள் பட்டையைப் போதுமான நேரம் கட்டவில்லை, அதனால்தான் உடம்பு கற்றுக்கொள்ளவில்லை என்பது நிறுவனத்தின் கணக்கு. வெளியே கட்டுவதற்குத்தான் தடை, உள்ளே இருப்பதைப் பற்றி இன்னும் யாரும் விதி எழுதவில்லை. முதல் ஆளாக ஜெரோம் பெயர் கொடுத்திருந்தான்.

"ஒருதடவை வச்சா எடுக்க முடியாது. நரம்போட ஒட்டிக்கும். படிச்சியா இல்லையா?"

"படிச்சேன். எடுக்கணும்னு யாரு அழுதா?"

"டேய்..."

"நீ பேசாத ஜெசி. நீ படுத்துக்கிட்டே ஓடுவே." பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே மெஸ் சோறு. ஒரே கிரவுண்டு, ஒரே பட்டை. உனக்கு வந்தது எனக்கு வரலைன்னா, நான்தான் எங்கேயோ ஏமாத்தியிருக்கேன். தெரியாமலே சோம்பேறியா இருந்திருக்கேன்."

அவன் ஏமாற்றியதில்லை என்று அவளுக்குத் தெரியும். காய்ச்சலிலும் பட்டையோடு ஓடியவன். அதைச் சொல்ல வாயெடுத்தாள். பேருந்து வந்துவிட்டது.

இயக்குநர் டாக்டர் வசுமதியிடம் இதற்கு வேறொரு விளக்கம் இருந்தது. பெண்கள் சீக்கிரம் முதிர்கிறார்கள், அதனால் பட்டை கற்றுக்கொடுப்பதை உடம்பு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது, பையன்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஜெசிந்தா எதையும் முதலில் தன் தவறாக இருக்குமோ என்று பார்க்கிறவள். முகமூடியின் குழாய்களைக் கழற்றிச் சோதித்தாள். வாயு அளவியை மறுபடி சரிசெய்தாள். எல்லா ஆண்டுக் கணக்குகளையும் கணினியில் புதிதாக ஏற்றிப் பார்த்தாள். கோடுகள் மாறவில்லை. பெண்களின் கோடு வளர்ந்துகொண்டே போனது. பையன்களுடையது பதினான்கிலேயே படுத்துக் கிடந்தது.

சனிக்கிழமை காலை, பெண்கள் விடுதிக்கு முகமூடிகளை எடுத்துப்போனபோது, ஒன்பதாம் வகுப்பு ரோஸ்லின் எதிரே வந்தாள். முழுநீள டிராக் பேன்ட், கையில் தண்ணீர் பாட்டில்.

"அக்கா, இன்னிக்கு என்னை டிரெட்மில்லுல ஏத்தாதீங்க. வார்டன் லீவு."

"சரி, கிரவுண்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா நடந்தாள். படியேறப்போனவள் நின்றாள். முகமூடிப் பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வார்டன் லீவு.

அவள் படித்த காலத்திலும் அது இருந்தது. வார்டன் பாக்கியம்மாவின் சட்டம். அந்த நாட்களில் பெண்பிள்ளைகள் காலில் கரண்ட் ஓடக் கூடாது. ஓடலாம், கிரவுண்டுக்குப் போகலாம், மாஸ்டரிடம் வருகைக்கு டிக் வாங்கலாம். பட்டை மட்டும் கூடாது. டிராக் பேன்ட்டுக்குள் பட்டை இருக்கிறதா என்று மாஸ்டர் எட்டிப் பார்க்கவா போகிறார்? எடை கூடும் என்று பட்டையில் நினைவகமும் வைக்கவில்லை. மாஸ்டரின் டிக்தான் கணக்கு. பையன்கள் ஷார்ட்ஸ் போட்டு ஓடினார்கள். பட்டையில்லாவிட்டால் அடுத்த நொடி பிடிபடுவார்கள்.

அதை அவள் மறந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. அது ஒரு தகவல் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

*

அன்று மத்தியானம் தெய்வானைக்குப் போன் செய்தாள். தெய்வானை அவளுக்கு ஒரு வருடம் சீனியர், இப்போது மதுரையில் ரயில்வே வேலை. பயிலகத்திலிருந்து வெளிவந்தவர்களிலேயே அவளுக்குத்தான் மைலேஜ் அதிகம்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. வார்டன் லீவு நீங்க எத்தனை நாள் எடுப்பீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஏன்டி, இப்ப பைன் போடப்போறாங்களா?"

"இல்லக்கா. ஆய்வுக்கு."

"எனக்கு அந்தப் பட்டையே பிடிக்காதுடி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். மாசத்துல பாதி நாள் எனக்கு லீவுதான். 'ஏன்டி, உனக்கு முடியவே முடியாதா'ன்னு பாக்கியம்மா ஒருநாள் கேட்டாங்க. 'எங்க வம்சமே அப்படித்தாம்மா'ன்னேன். பாவம், எனக்குத் தனியா பேரீச்சம்பழம் வாங்கிக் குடுத்தாங்க."

"பட்டையில்லாம ஓட எப்படி இருக்கும்?"

"கேவலமா இருக்கும். மாடு ஐஸ்ல நடக்குற மாதிரி. ஆனா ஓடி முடிச்சா நம்ம கால்தான் ஓடுச்சுன்னு தெரியும்."

அடுத்து பஷீரா. அவள் நேர்மையானவள், தேதி தவறாமல் எடுத்தவள். அவள் மைலேஜ் நடுத்தரம். அடுத்தடுத்து இன்னும் பலர். பயந்த சுபாவமுள்ள ஒருத்தி லீவே எடுக்காமல் பட்டையைக் கட்டிக்கொண்டே ஓடியிருந்தாள். அவள் கணக்கு பையன்களின் கோட்டோடு ஒட்டிப் படுத்திருந்தது. ஞாயிறு மாலை ஜெசிந்தா அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தாள். எவள் அதிகம் பொய் சொன்னாளோ அவள் நன்றாக ஓடினாள். ஒரு ஸ்கேலை வைத்துக் கோடு இழுக்கலாம்போல இருந்தன புள்ளிகள்.

அப்போதும் அவளுக்குச் சந்தேகம் விடவில்லை. ஒருவேளை நன்றாக ஓடுகிறவர்களுக்குத்தான் பொய் சொல்லத் தைரியம் வந்ததோ? அதை மறுக்க அவளிடம் எதுவும் இல்லை. ஆனால் தைரியம் இல்லாத ஒருத்தியின் கோடும் தைரியமுள்ள தன் தம்பி... இல்லை, பத்து நிமிடம் மூத்தவனின் கோடும் ஏன் ஒன்றாக இருக்கின்றன?

*

திங்கட்கிழமை கூட்ட அறையில் டாக்டர் வசுமதி, மாஸ்டர், விளையாட்டுத் துறை அதிகாரி ஒருவர், நிறுவனத்திலிருந்து வந்த இன்ஜினியர் ஆகியோர் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தத் தாள்களுக்கு முன்னால் ஜெரோம். ஜெசிந்தா கேட்டுக்கொண்டதால் வார்டன் பாக்கியம்மாவும் வந்து ஓர் ஓரமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு விஷயம் மேடம்" என்று ஜெசிந்தா எழுந்தாள். "பொண்ணுங்களும் பசங்களும் ஒரே அளவு பட்டை கட்டினாங்கன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். அது தப்பு. பொண்ணுங்க மாசாமாசம் சில நாள் கட்டாமத்தான் ஓடுறாங்க."

"எல்லா நாளும் வந்தாங்களே?" என்றார் மாஸ்டர். "நான்தானே டிக் போட்டேன்?"

"வந்தாங்க சார். ஓடினாங்க. பேன்ட்டுக்குள்ள பட்டை இல்ல."

"எந்த நாள்ல?"

அவள் வார்டனைப் பார்த்தாள். பாக்கியம்மா அறையில் இருந்த ஆண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். குரல் சுவரைப் பார்த்துப் போனது.

ஆக, சொல்லவேண்டியது அவள் ஒருத்திதான்.

"மாதவிடாய் நாள்ல சார்" என்றாள் ஜெசிந்தா. அந்தச் சொல்லை அந்த அறையில் அதுவரை யாரும் உச்சரித்ததில்லை. மாஸ்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். அதிகாரி செல்போனில் எதையோ தேடினார். ஜெரோமின் காதுகள் சிவந்தன. ஜெசிந்தா நிறுத்தவில்லை. வரைபடத்தைத் திரையில் போட்டாள். யார் எவ்வளவு நாள், யாருக்கு என்ன மைலேஜ், எல்லாவற்றையும் காட்டினாள்.

"அஞ்சாறு நாள்ல என்ன ஆகிடும் ஜெசிந்தா?" என்றார் டாக்டர் வசுமதி. கேலியாகக் கேட்கவில்லை.

"அந்த நாள்ல ஓடுறது நரகம் மேடம். முட்டி இடிக்கும், மூச்சு முட்டும். கால் ஒரு வழியைத் தேடிக்கிட்டே இருக்கும். பட்டை கட்டின நாள்ல தேடவேண்டிய அவசியமே இல்ல. பிரேக்கை வேற யாரோ நமக்காக விட்டுக்கிட்டே இருந்தா, கால் எதுக்குக் கத்துக்கணும்? நாம வீணாப் போகுதுன்னு நினைச்ச அந்த ஆக்சிஜன் இருக்கே, அது படிக்கிறதுக்கான செலவு மேடம். அதை மிச்சம் பிடிச்சோம். பசங்க படிக்கவே இல்ல."

இன்ஜினியர் புன்னகைத்தார். "பழைய ஸ்டூடண்ட்ஸ் போன்ல சொல்றதெல்லாம் டேட்டா ஆகாதும்மா."

"ஆகாது சார். ஒத்துக்குறேன். என் முடிவு தப்பாவும் இருக்கலாம்." அவள் ஒப்பந்தத் தாளைக் காட்டினாள். "ஆனா பட்டையைக் கழட்டி ஓடிப்பாக்குறதை நாளைக்கே நிறுத்திக்கலாம். உள்ள வச்சதை எடுக்க முடியாது. எதை முதல்ல செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

ஓரத்திலிருந்து பாக்கியம்மாவின் குரல் வந்தது.

"கரண்டு கர்ப்பப்பைக்கு ஆகாதுன்னு எங்க மதினி சொன்னாங்க. பிள்ளைங்களுக்கு நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதான் கழட்டச் சொன்னேன். இதெல்லாம் ஆம்பளை சார்கிட்ட வந்து சொல்லவா முடியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர் வசுமதி.

"நீங்க டாக்டராச்சேம்மா. திட்டுவீங்க."

டாக்டர் வசுமதி திரையில் இருந்த புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். "திட்டியிருப்பேன்" என்றார் மெதுவாக. "எனக்கும் கேக்கணும்னு தோணலை. நானும் பொம்பளைதான்." பிறகு ஒப்பந்தத் தாளைத் தொடாமல் ஜெரோமைப் பார்த்தார். "முடிவு உன்னோடது. கழட்டி ஓடினா எத்தனை நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. இந்த வயசுக்கு மேல கால் கத்துக்குமான்னும் தெரியாது. அடுத்த வருஷம் நீ நம்பியிருக்கிற போலீஸ் டீம் செலக்‌ஷன் நிச்சயமா போயிடும்."

ஜெரோம் எழுந்து வெளியே போய்விட்டான்.

*

டிரெட்மில் அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியருகே அவனைப் பிடித்தாள்.

"ஏழு வருஷம்டி" என்றான் திரும்பாமல். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எதைச் சொல்ல? என்னிக்காவது உன்னை நாப்கின் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்."

"கிழிச்சே. கடைக்காரர் கறுப்புக் கவர்ல சுத்திக் குடுக்கிறதுக்குள்ள ஓடி வந்திருப்பே."

அவன் கோபமாகத்தான் இருந்தான். ஆனாலும் வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஓட்டத்துக்காவது மைலேஜ் வந்திருக்கும்" என்றான். பிறகு தொட்டிச் சுவரில் உட்கார்ந்து அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ சோம்பேறியாக இருக்கவில்லை என்று சொன்னாள். இந்த முறை பேருந்து எதுவும் வரவில்லை. அதனால் மறுபடியும் சொன்னாள்.

அழுது முடித்ததும் குனிந்து பட்டைகளை அவிழ்த்தான். தோலில் அவற்றின் தடம் வெளுத்திருந்தது.

"உன் மிஷினை ஆன் பண்ணு" என்றான்.

முகமூடியோடு அவன் ஓடியதை அவளால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. இறங்கியதும் திரையைப் படித்தாள்.

"மோசம்."

"எவ்வளவு மோசம்?"

"நாம இங்க சேர்ந்த அன்னிக்கு நீ குடிச்ச அதே அளவு."

"அப்ப ஏழு வருஷமா என் கால் என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?"

"அப்படியே நின்னிருக்கு." அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "நின்னுருக்குடா, கெட்டுப்போகல. நின்னதைக் கிளப்பலாம்."

அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையா, அளவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தையா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மழைக்காலம் முழுக்க அவன் மாடு ஐஸில் நடப்பதுபோல ஓடினான். சின்னப் பையன்கள் பட்டையோடு அவனைத் தாண்டிப் போகும்போது 'ஒட்டகச்சிவிங்கி அண்ணே, வழி விடுங்க' என்று கத்தினார்கள். பொங்கலுக்கு முன் எடுத்த சோதனையில் அவன் குடித்த ஆக்சிஜன் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் நம்பவில்லை. குழாய்களை மாற்றினாள், டிரெட்மில்லை மாற்றினாள், மறுபடி ஓடவிட்டாள். அப்போதும் இறங்கித்தான் இருந்தது. சித்திரையில் இன்னும் கொஞ்சம்.

*

அந்தக் கோடையில் பயிலகம் பெற்றோர் கூட்டம் வைத்தது. இனிமேல் பையன்களும் மாதத்தில் பாதி நாள் பட்டையில்லாமல் ஓடவேண்டும் என்று டாக்டர் வசுமதி அறிவித்தார். கூட்டம் கொந்தளித்தது. பக்கத்து மாவட்டத்தில் எல்லாரும் முழுநேரமும் கட்டுகிறார்கள், நம் பிள்ளைகள் மட்டும் தோற்பதா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நிலக்கோட்டையிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்தில் அவர் மகன், எட்டாம் வகுப்பு.

மைக் ஜெரோமிடம் வந்தது.

"கழட்டினா என் பையன் இந்த வருஷம் தோத்துடுவான்ல?" என்றார் லாரிக்காரர்.

"தோப்பாண்ணே."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் தோக்கலாம்."

"நல்லாருக்கே! இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?" அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். சிலர் கைதட்டினார்கள். "தம்பி, உங்களுக்கு என்ன வயசு?"

"எனக்கு இருபத்திரண்டு. காலுக்கு இப்பத்தான் பதினஞ்சு நடக்குது."

சிரிப்பு எழுந்தது. ஜெரோம் சிரிக்கவில்லை. அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல என்று ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டபோது சிரிப்பு நின்றது. பின்வரிசையில் வரைபடங்களோடு நின்ற ஜெசிந்தாவுக்கு அவற்றைத் திறக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை.

"உங்க பையன் ஜெயிச்சுக்கிட்டே இருப்பாண்ணே" என்றான் ஜெரோம். "பதினெட்டு வரைக்கும். நானும் அப்படித்தான் ஜெயிச்சேன்."

லாரிக்காரர் மகன் பக்கம் திரும்பினார்.

"டேய், அதைக் கழட்டினா எப்படிடா ஓடுவே?"

"கேவலமா ஓடுவேன்ப்பா" என்றான் பையன். அவன் குரலில் வருத்தமே இல்லை.

"ஓடிக் காட்டு, பாப்போம்."

பையன் அதற்குள் குனிந்து பட்டையை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.